பச்சையாகக் கலந்து வறுப்பதா, வறுத்த பிறகு கலப்பதா?

மிதவறுவல் கேட்டது:

வணக்கம். பச்சைக் காபிக் கொட்டை வாங்கி வீட்டிலேயே வறுப்பவர்களிடம் ஒரு கேள்வி, கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். என்னிடம் இருப்பது சூடான காற்றில் கொட்டையைச் சுழற்றி வறுக்கும் சின்ன இயந்திரம், ஒரு ஈட்டுக்கு 120 கிராம் கொள்ளும். ஒற்றை ரகமாக வறுப்பதில் கை நன்றாகப் பழகிவிட்டது. முதல் கிராக் (சூட்டில் கொட்டை வெடிக்கும் முதல் சத்தம்) எப்போது வரும், அதற்கப்புறம் எவ்வளவு நேரம் விடலாம் என்பதைக் காதும் மூக்குமே சொல்லிவிடுகின்றன. இப்போது ஆசை கலவை பக்கம் திரும்பியிருக்கிறது.

கையில் நான்கு ரகம் இருக்கிறது: எத்தியோப்பியா நேச்சுரல் (பழத்தோடு காயவைத்தது), பிரேசில், சுமத்ரா, கொஞ்சம் ரோபஸ்டா (கசப்பு தூக்கலான காபி இனம்). எத்தியோப்பியாவில் பழ வாசனை தூக்கலாக இருக்கிறது, ஆனால் விழுங்கியதும் மறைந்துவிடுகிறது, நாக்கில் எதுவும் தங்குவதில்லை. சுமத்ரா அதற்கு நேர் எதிர். மண்ணும் மரமும் கலந்த வாசனையோடு கனமாக அடியில் உட்கார்ந்துகொள்கிறது, மேலே எழும்பி வருவது என்று ஒன்றும் இல்லை. எனக்கு அந்த வாசனையும் வேண்டும், இந்தக் கனமும் வேண்டும், ஒரே கோப்பையில்.

இரண்டையும் பாதிக்குப் பாதி பச்சையாகவே கலந்து வறுத்துப் பார்த்தேன். வெளியே கொட்டிப் பார்த்தால் ஒரு கொட்டை அடர்ந்த பழுப்பு, பக்கத்தில் கிடப்பது வெளிறிய பழுப்பு. குடிக்க மோசமில்லை, ஆனால் தனித்தனியாகக் குடிப்பதைவிட இது எதில் மேல் என்று சொல்ல முடியவில்லை. கலவை போடுகிறவர்கள் உண்மையில் எப்படிச் செய்கிறார்கள்? பச்சையாகக் கலந்து வறுப்பதா, தனியாக வறுத்துப் பிறகு கலப்பதா? விகிதத்தை எதை வைத்து முடிவு செய்வது, ஒவ்வொரு விகிதத்துக்கும் ஒரு ஈடு வறுத்துக்கொண்டிருந்தால் கொட்டை தீர்ந்துவிடும். ரோபஸ்டாவை எந்த அளவுக்குச் சேர்க்கலாம்? பெரும்பாலும் வடிதாளில் ஊற்றி இறக்கும் முறைதான், சில நாள் எஸ்பிரெஸோ (அழுத்தத்தில் சீக்கிரம் இறக்கும் கெட்டிக் காபி).

---

காதால்_வறுப்பவர்:

உங்கள் இயந்திரத்துக்கும் உங்கள் கையில் இருக்கும் கொட்டைகளுக்கும் என் பதில் ஒன்றுதான்: தனித்தனியாக வறுத்துப் பிறகு கலங்கள். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் காரணம் தெரிந்தால் எப்போது இந்த விதியை மீறலாம் என்பதும் தெரிந்துவிடும்.

ஒரு கொட்டை சூட்டை எப்படி வாங்கிக்கொள்கிறது என்பதை அதன் ஈரப்பதம், அடர்த்தி, அளவு, பதப்படுத்திய முறை இவை நான்கும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. எத்தியோப்பியக் கொட்டை பெரும்பாலும் 1,700 மீட்டருக்கு மேலே விளைவது, மெல்ல முதிர்ந்து சின்னதாக, கெட்டியாக இருக்கும். பிரேசிலில் பெரும்பகுதி அதைவிட நல்ல தாழ்வான இடத்தில் விளைகிறது, கொட்டை இளக்கமாக இருக்கும், ஆரம்பத்தில் அதே சூட்டைக் கொடுத்தால் மேல்தோல் தீய்ந்துபோகும். சுமத்ரா இன்னும் தனி ஜாதி. அங்கே ஈரம் 30 சதவீதத்துக்கு மேல் இருக்கும்போதே கொட்டையின் மேலோட்டை உரித்துவிட்டு, பிறகு கொட்டையைக் காயவைக்கிறார்கள். அதனால்தான் பச்சையில் நீலம் கலந்த நிறம், உருவத்தில் ஒழுங்கின்மை, வறுக்கும்போது கிராக் சத்தமும் மந்தம். இதில் முக்கியமான விஷயம், சுமத்ராவின் வெளிநிறம் ஏமாற்றும். உள்ளே நன்றாக வறுபட்டிருக்கும், வெளியே பார்த்தால் இன்னும் ஆகவில்லை என்பதுபோலத் தெரியும். ஆகவே நீங்கள் பார்த்த அந்த இரண்டு பழுப்பில் வெளிறியது குறைவாக வறுபட்டது என்று முடிவு கட்டாதீர்கள். இரண்டு வகையிலும் கொஞ்சம் பொறுக்கியெடுத்துத் தனித்தனியாக அரைத்துப் பொடியின் நிறத்தைப் பாருங்கள், அதுதான் சரியான சாட்சி.

காற்றில் சுழலும் இயந்திரத்தில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. கனம் குறைந்த கொட்டை மேலே எம்பும், கனமானது அடியிலேயே சுற்றும். வறுபட வறுபட எல்லாக் கொட்டையும் ஊதி எடை குறையும், ஆனால் ஒரே நேரத்தில் குறையாது. எனவே இரண்டு ரகமும் ஒரே அறைக்குள் இருந்தாலும் ஒரே சூட்டைப் பார்ப்பதில்லை.

அடர்த்தியை வீட்டிலேயே பார்க்கலாம். ஒரே டம்ளரில் ஒவ்வொரு பச்சைக் கொட்டையையும் விளிம்பு வரை நிரப்பி, தலையைத் தட்டி, தராசில் வையுங்கள். இரண்டு ரகத்தின் எடையும் நெருக்கமாக இருந்தால் சேர்த்து வறுக்க யோசிக்கலாம். தெளிவான வித்தியாசம் தெரிந்தால் வேண்டாம்.

விகிதத்துக்கு ஈடு ஈடாக வறுக்கத் தேவையே இல்லை. கலவையைக் கொட்டையில் தேடாதீர்கள், கோப்பையில் தேடுங்கள். ஒவ்வொரு ரகத்தையும் அதற்குப் பொருத்தமாகத் தனியாக வறுத்து, ஓரிரு நாள் ஆறவிட்டு, 150 மில்லி வெந்நீருக்கு 8.25 கிராம் பொடி என்ற சுவை பார்க்கும் அளவில் ஒரே நேரத்தில் ஊறவையுங்கள். தண்ணீர் 93 டிகிரி அளவில் இருக்கட்டும். 4 நிமிடம் கழித்து மேலே கட்டியிருக்கும் ஏட்டை உடைத்து, நுரையை எடுத்துவிட்டு, நாக்கு தாங்கும் சூட்டுக்கு வந்ததும் ஒரு காலிக் கோப்பையில் கரண்டிக் கணக்கில் கலக்கத் தொடங்குங்கள். ஏழு கரண்டி சுமத்ரா, மூன்று கரண்டி எத்தியோப்பியா. அடுத்த கோப்பையில் ஆறுக்கு நான்கு. அடுத்ததில் தலைகீழாக. ஒரே உட்காரலில் எல்லா விகிதத்தையும் பார்த்துவிடலாம், செலவாவது சில கிராம் பொடி.

ஒன்று மட்டும் கவனியுங்கள். சூடாக இருக்கும்போது எல்லாக் கலவையும் நன்றாகத்தான் இருக்கும். ஆறி வெதுவெதுப்பாகும்போது ஒன்று உடைந்து இரண்டு காபியாகப் பிரிந்துவிடும், பழம் ஒரு பக்கம், மண் ஒரு பக்கம். எது ஆறிய பிறகும் ஒன்றாகவே நிற்கிறதோ அதுதான் உங்கள் விகிதம்.

---

இரும்புவாணலி:

மேலே சொன்னதில் பெரும்பாலானதை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் பச்சையாகக் கலப்பதை ஒரேயடியாகத் தள்ளிவிட வேண்டாம் என்று சொல்லத்தான் எழுதுகிறேன். வீட்டில் வறுப்பவருக்கு அதில் உண்மையான வசதி இருக்கிறது. கலவையில் ஒரு ரகம் 15 சதவீதம்தான் வேண்டும் என்றால், அதைத் தனியாக வறுக்க ஒரு முழு ஈடு போட வேண்டியிருக்கும், ஏனென்றால் ரொம்பக் குறைவாகப் போட்டால் சின்ன இயந்திரங்களில் சூடு நிற்காது. அப்புறம் மிச்சமிருக்கும் கொட்டையை என்ன செய்வது? பழையதாகிக்கொண்டே உட்கார்ந்திருக்கும்.

ஒரே மாதிரிப் பதப்படுத்திய, ஏறக்குறைய ஒரே உயரத்தில் விளைந்த, ஒரே அளவுள்ள கொட்டைகளைப் பச்சையாகக் கலந்து வறுப்பதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. கழுவிப் பதப்படுத்திய கொலம்பியாவும் கழுவிப் பதப்படுத்திய குவாத்தமாலாவும் சேர்ந்து வறுபட்டு, நல்ல சீரான காபியாக வரும். உங்கள் ஜோடி அப்படி இல்லை, ஒன்று பழத்தோடு காய்ந்தது, மற்றொன்று ஈரத்தில் ஓடு உரித்தது, இதைவிட எதிரெதிரான இரண்டைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். காஃபின் நீக்கிய கொட்டையையும் ஒருபோதும் பச்சையாகக் கலக்காதீர்கள், அது வறுக்கும் முன்பே பழுப்பாக இருக்கும், வேகமாகக் கறுக்கும், நிறத்தை வைத்து எதையும் சொல்ல முடியாது.

பச்சையாகக் கலப்பவர்கள் எடை இழப்பைப் பற்றிக் கேட்பார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். பாதிக்குப் பாதியாக 60 கிராம், 60 கிராம் போட்டு, ஒன்று 13 சதவீதம் இழந்து மற்றொன்று 17 சதவீதம் இழந்தாலும், கடைசியில் கிடைப்பது 52.2 கிராமும் 49.8 கிராமும்தான். அதாவது விகிதம் 51:49. இதற்காக யாரும் கவலைப்பட வேண்டாம். ஆனால் அந்த 13-க்கும் 17-க்கும் இடையே சுவையில் இருக்கும் தூரம் பெரியது, கவலைப்பட வேண்டியது அதற்குத்தான்.

இன்னொன்று. வேறு நாட்டுக் கொட்டையைத் தேடும் முன், ஒரே கொட்டையை இரண்டு பதத்தில் வறுத்துக் கலந்து பாருங்கள். உங்கள் பிரேசிலையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு ஈடு முதல் கிராக் ஓய்ந்து கொஞ்ச நேரத்தில் இறக்குங்கள், இன்னொரு ஈடு இன்னும் அடர்வாக வறுபடும்போது வரும் இரண்டாம் கிராக்கின் முதல் சடசடப்பு கேட்டதும் இறக்குங்கள். மூன்றுக்கு ஒன்று என்று கலந்தால், தனியாக எதிலும் இல்லாத ஒரு முழுமை வரும். கலவை என்றால் என்ன என்று நாக்குக்குப் புரியவைக்க இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது.

---

மிதவறுவல்:

இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. பொடியின் நிறத்தைப் பார்த்தேன், சொன்னது அப்படியே சரி, வெளியே வெளிறித் தெரிந்த சுமத்ரா பொடியில் எத்தியோப்பியாவைவிட அடர்த்தியாக இருந்தது!

கரண்டிக் கலவையும் போட்டுப் பார்த்தாயிற்று. ஆறுக்கு நான்கு, சுமத்ரா ஆறு. அது ஆறிய பிறகும் நிற்கிறது. எத்தியோப்பியா பாதிக்கு மேல் போனால் பழ வாசனை மற்ற எல்லாவற்றையும் மூடிவிடுகிறது. ஆனால் அதே விகிதத்தில் கொட்டையைக் கலந்து டப்பாவில் போட்டு வைத்து, தினமும் 18 கிராம் எடுத்து அரைத்தால் ஒரு நாள் போல ஒரு நாள் இல்லை. இதற்கு என்ன வழி?

---

தராசு_பக்கத்தில்:

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். வறுத்த கொட்டை ஒன்று சுமார் 0.13 கிராம் இருக்கும், அதாவது உங்கள் 18 கிராமில் ஏறக்குறைய 140 கொட்டை. டப்பாவை எவ்வளவு குலுக்கினாலும் நீங்கள் அள்ளும் 140-ல் ஒவ்வொரு தடவையும் சரியாக 56 எத்தியோப்பியா வராது, சில கொட்டை கூடும், சில குறையும். குறைந்த பங்கில் சேர்க்கும் ரகம் என்றால் நிலைமை இன்னும் மோசம். 10 சதவீதம் சேர்க்கிறீர்கள் என்று வையுங்கள், 18 கிராமில் அது 1.8 கிராம், 14 கொட்டை. தற்செயலாகவே ஒரு நாள் 10 வரும், இன்னொரு நாள் 18 வரும். கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வித்தியாசம்! இது போதாதென்று, டப்பாவைக் குலுக்கக் குலுக்க சின்னக் கொட்டை இடுக்கு வழியாகக் கீழே இறங்கும், ஊதிப் பெருத்த கொட்டை மேலே நிற்கும். ஆக டப்பாவின் தொடக்கத்தில் ஒரு காபி, முடிவில் ஒரு காபி.

வழி எளிது. கலந்து வைக்காதீர்கள். ரகங்களைத் தனித்தனி டப்பாவில் வைத்து, ஒவ்வொரு தடவையும் 10.8 கிராம் சுமத்ரா, 7.2 கிராம் எத்தியோப்பியா என்று தராசில் எடுத்து ஒன்றாக அரையுங்கள். 0.1 கிராம் வரை காட்டும் தராசு போதும். இதனால் இன்னொரு லாபம், நாளைக்கு விகிதத்தை மாற்றத் தோன்றினால் எதையும் திரும்ப வறுக்க வேண்டாம்.

கரண்டியில் கலந்ததும் சேர்த்து அரைத்ததும் சுவையில் வேறுபட்டால் அதற்கும் காரணம் உண்டு. அடர்வாக வறுத்த கொட்டை நொறுங்கும் தன்மையுள்ளது, ஒரே கிரைண்டரில் ஒரே எண்ணில் வைத்தாலும் அதிகத் தூள் விடும், சாரத்தையும் சீக்கிரம் விட்டுவிடும். இளவறுப்பு கெட்டியானது, தயங்கித்தான் விடும். தனியாக ஊறவைக்கும்போது ஒவ்வொன்றும் அதனதன் போக்கில் இறங்குகிறது. சேர்த்து அரைத்து எஸ்பிரெஸோ போடும்போது ஒரே தண்ணீர், ஒரே அரைப்பு, ஒரே அரை நிமிடம். அடர்ந்தது கசக்கத் தொடங்கும் நேரத்தில் இளவறுப்பு இன்னும் புளிப்பிலேயே நிற்கும், ஒரே கோப்பையில் கசப்பும் புளிப்பும் சண்டை போடும். எனவே இரண்டு பதத்துக்கும் நடுவே ரொம்ப இடைவெளி வைக்காதீர்கள், எஸ்பிரெஸோவுக்கு என்றால் இன்னும் நெருக்கமாக. எத்தியோப்பியாவை வழக்கத்தைவிட ஒரு 20 விநாடி கூட விட்டு, சுமத்ராவை இரண்டாம் கிராக்குக்குள் போகவிடாமல் நிறுத்தினாலே போதும் என்பது என் அபிப்பிராயம்.

கரண்டிச் சோதனை விகிதத்தின் பக்கத்துக்குக் கொண்டுபோய் விடும். கடைசித் தீர்ப்பு சேர்த்து அரைத்து, நீங்கள் தினமும் போடும் முறையில் போட்டுக் குடித்த பிறகுதான்.

---

தடித்தநுரை:

ரோபஸ்டாவைப் பற்றி யாரும் தொடவில்லையே, நான் சொல்கிறேன். அதை மட்டமான சரக்கு என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. சரியாகப் பொறுக்கி, கழுவிப் பதப்படுத்திய ரோபஸ்டா கலவைக்குத் தரும் முதுகெலும்பை காபியின் இன்னொரு முக்கிய இனமான அரபிகாவால் தர முடியாது. அரபிகாவில் காஃபின் 1.2 முதல் 1.5 சதவீதம் வரை இருந்தால், ரோபஸ்டாவில் 2 சதவீதத்துக்கு மேல். சர்க்கரையும் எண்ணெயும் அரபிகாவைவிடக் குறைவு, குளோரோஜெனிக் அமிலங்கள் அதிகம். கசப்பும் துவர்ப்பும் கூடுதலாக இருப்பதற்கு இவைதான் காரணம். எண்ணெய் குறைவு என்பதால் எஸ்பிரெஸோவில் நுரை கெட்டியாக நெடுநேரம் நிற்கும்.

வறுப்பதில்தான் சூட்சுமம். முதல் கிராக் முடிந்த கையோடு இறக்கினால் தானியம் வெந்த வாசனைதான் மிஞ்சும், அதைக் குடித்துவிட்டுத்தான் பலர் ரோபஸ்டாவே வேண்டாம் என்கிறார்கள். ஆரம்பச் சூட்டைக் கொஞ்சம் தணித்து வையுங்கள், நிதானமாகக் கொண்டுபோய், முதல் கிராக்குக்கு அப்புறம் நன்றாக நேரம் கொடுத்து, இரண்டாம் கிராக்கின் வாசலில் இறக்குங்கள். இதை அரபிகாவோடு பச்சையாகக் கலந்து வறுக்கவே கூடாது. அளவு 10 சதவீதத்தில் தொடங்குங்கள். எஸ்பிரெஸோவுக்கு 20 வரை போகலாம், பால் சேர்ப்பவர்கள் இன்னும் கூட்டலாம், பாலின் இனிப்பை மீறிக் காபி தெரிய ரோபஸ்டா உதவும். வடிதாளில் இறக்குவதற்கு எனக்கு ரோபஸ்டா பிடிப்பதில்லை, துவர்ப்பு அப்பட்டமாக நிற்கும். உங்கள் எத்தியோப்பியா-சுமத்ரா கலவைக்கு அது தேவையும் இல்லை, கனத்தை சுமத்ராவே பார்த்துக்கொள்ளும். ரோபஸ்டாவைப் பிரேசிலோடு சேர்த்துத் தனியாக ஓர் எஸ்பிரெஸோ கலவை போடுங்கள்.

---

காதால்_வறுப்பவர்:

ஆறுக்கு நான்கில் வந்து நின்றது பொருத்தமாகத்தான் இருக்கிறது. நீங்கள் தேடிப் போனது ஏறக்குறைய மோக்கா-ஜாவா. உலகத்தின் மிகப் பழைய காபிக் கலவை என்று அதைத்தான் சொல்வார்கள். யேமனின் மோக்கா துறைமுகத்திலிருந்து கப்பலேறிய கொட்டை, பழத்தோடு காயவைத்தது, வாசனைக்கு. டச்சுக்காரர்கள் 17-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜாவாவில் நட்ட செடியின் கொட்டை, கனத்துக்கு. ஒரு பங்கு மோக்கா, இரண்டு பங்கு ஜாவா என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. இப்போது யேமன் கொட்டை எளிதில் கிடைக்காததால் பலரும் எத்தியோப்பியா நேச்சுரலையும், ஜாவாவுக்குப் பதில் சுமத்ராவையும் வைத்து அதே பாணியில் கலக்கிறார்கள். ஒரு கொட்டையின் குறை இன்னொன்றின் பலமாக இருக்க வேண்டும், அந்த ஜோடி இத்தனை காலம் நிலைத்ததற்குக் காரணம் அதுதான். மூன்றாவதாக ஒன்றைச் சேர்க்கத் தோன்றினால், அது எந்த இடத்தை நிரப்பப் போகிறது என்று சொல்ல முடிந்தால் மட்டும் சேருங்கள்.

---

மிதவறுவல்:

இது அருமையான தகவல், தெரியாமலே அங்கே போயிருக்கிறேன். அடுத்த ஈடு தனித்தனியாகத்தான். கடைசியாக ஒன்று, இரண்டையும் ஒரே நாளில் வறுக்கலாமா?

---

தராசு_பக்கத்தில்:

வறுக்கலாம், ஆனால் ஒரே நாளில் பதத்துக்கு வராது. வறுத்த கொட்டைக்குள் கரியமில வாயு அடைபட்டிருக்கும், அது வெளியேறும் வரை தண்ணீர் பொடிக்குள் ஒழுங்காக இறங்காது. அடர்வறுப்பில் கொட்டை துளைத்தன்மை கூடிப்போவதால் வாயு சீக்கிரம் போய்விடும், இளவறுப்பில் மெதுவாகத்தான் போகும். வடிதாளுக்கு அவ்வளவு தெரியாது, எஸ்பிரெஸோவில் நன்றாகத் தெரியும், சரியாக ஆறாத கொட்டை நுரையாகப் பொங்கிப் புளிக்கும். எனவே எத்தியோப்பியாவை நான்கைந்து நாள் முந்தி வறுத்துவிடுங்கள், சுமத்ராவைப் பிறகு வறுங்கள், இரண்டும் சேர்ந்தாற்போல் தயாராகும். டப்பா மேல் வறுத்த தேதியும், போட்ட எடை, எடுத்த எடை இரண்டும் எழுதி ஒட்டுங்கள். 120 போட்டு 104 கிடைத்தால் 13 சதவீதத்துக்குச் சற்று மேல் போயிருக்கிறது, 100 கிடைத்தால் 17-ஐ நெருங்கிவிட்டது. அடுத்த தடவை அதே கலவை வேண்டும் என்றால் விகிதத்தோடு இந்த எண்ணும் ஒத்துப்போக வேண்டும். காற்று புகாத டப்பாவாக இருந்தாலும் முதல் நாள் மூடியை இறுக்கிவிடாதீர்கள், வாயு போக வழி இருக்கட்டும்.